நல் ஸ்ட்ரிங் எச்சரிக்கை: வாயை அடைப்பதா, காது கொடுப்பதா?

போன வருடம் எங்கள் பில்டை, அதாவது மூல நிரலை ஓடும் நிரலாக்கும் வேலையை, ஜிசிசி என்ற கம்பைலரின் 8ஆம் பதிப்பிலிருந்து 12க்கு மாற்றினோம். மாற்றிய அன்றைக்கே திரை முழுக்க ஊதா நிறத்தில் ஒரே மாதிரி எச்சரிக்கை, எண்ணிப் பார்த்தால் 41. எல்லாம் சொன்னது ஒன்றைத்தான்: ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, அச்சிடச் சொல்லி ‘%எஸ்’ போட்ட இடத்துக்கு நல் பாயிண்டர், அதாவது எதையும் காட்டாத வெற்று முகவரி, வருகிறது. நிரல் ஓடுகிறது, சோதனைகள் எல்லாம் பச்சை, வாடிக்கையாளர் யாரும் புகார் சொல்லவில்லை, அப்புறம் எதற்கு இந்தச் சத்தம் என்று குழுவில் பாதிப் பேர் கேட்டோம். கேட்டவர்களில் நானும் ஒருவன்.

நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு சின்ன நிறுவனம். அடுக்குமாடிக் கட்டடங்களின் தண்ணீர் பம்ப் அறையில் மாட்டுகிற கண்காணிப்புப் பெட்டி செய்கிறோம். பெட்டிக்குள் சென்சாரைப் படிக்க கார்டெக்ஸ்-எம் வகை மைக்ரோகண்ட்ரோலர் சிப் ஒன்று, படித்ததை வாங்கி வெளியே அனுப்ப லினக்ஸ் ஓடும் ஒரு போர்டு. இரண்டுக்கும் பொதுவாக சி மொழியில் கொஞ்சம் நிரல் உண்டு, பாதி எச்சரிக்கை அந்தப் பொது நிரலில்தான். இதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எங்கே சரிப்படும் என்று நாங்கள் அடிபட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘இந்த ஸ்ட்ரிங் இல்லாமல் போகலாமா, போனால் அதற்கு என்ன அர்த்தம்’ என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்த வழியை எடுத்தாலும் அது தப்பாகத்தான் போய் முடியும். பதில் தெரிந்துவிட்டால் எந்த வழி என்பதில் பெரிய சண்டை இருக்காது.

முதலில் இந்த எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் ‘கம்பைலர் சும்மா கத்துகிறது’ என்ற எண்ணம்தான் பல தப்பான முடிவுகளுக்கு ஆரம்பம். ஃபார்மட் ஓவர்ஃப்ளோ என்ற எச்சரிக்கை ஜிசிசி 7இல், 2017இல் வந்தது. அப்போது அது எஸ்பிரிண்ட்எஃப் மாதிரி பஃபரில், அதாவது நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தில், எழுதுகிற ஃபங்ஷன்களைத்தான் பார்த்தது. 2019இல் ஜிசிசி 9 வந்தபோது திரைக்கோ கோப்புக்கோ எழுதுகிற சாதாரண பிரிண்ட்எஃப், எஃப்பிரிண்ட்எஃப் எல்லாவற்றையும் பார்க்க ஆரம்பித்தது, அதனால்தான் வருடக்கணக்காக அமைதியாக இருந்த நிரல்கள்கூட புதுக் கம்பைலரில் திடீரென்று பேச ஆரம்பித்தன.

இது வெறும் எழுத்தைப் பார்த்துச் சொல்கிற எச்சரிக்கை இல்லை. நிரலை வேகமாக்கும் ஆப்டிமைசேஷன் நடக்கும்போது கம்பைலர் ஒவ்வொரு பாதையாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு ஃபங்ஷனில் மேலே ‘பெயர் நல் என்றால் ஒரு லாக் வரி எழுது’ என்று ஒரு இஃப் போட்டிருக்கிறீர்கள், ஆனால் அங்கே ரிட்டர்ன் போடவில்லை. கீழே பத்து வரி தள்ளி அதே பெயரை ‘%எஸ்’ வைத்து அச்சிடுகிறீர்கள். மேலே அந்த இஃப்புக்குள் போன பாதை கீழேயும் வரும், அந்தப் பாதையில் பெயர் கண்டிப்பாக நல். கம்பைலர் அதைத்தான் சொல்கிறது. மேலே இருக்கிற இஃப்பை எடுத்துவிட்டால் எச்சரிக்கையும் போய்விடும், ஏனென்றால் நல் வரலாம் என்பதற்கான சாட்சியே அந்த இஃப்தான்.

எங்கள் குழுவின் மூத்தவரை நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். 20 வருடத்துக்கு மேலாக ஃபர்ம்வேர், அதாவது சாதனத்துக்குள் ஓடும் நிரல், எழுதுகிறவர். கீழே காப்பிக்கடையில் தே ஓ கோசோங்கை, அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீரை, ஆற்றிக்கொண்டே, “தம்பி, கம்பைலருக்கு உன் மேல என்ன பகையா? மேலே ‘இல்லாமலும் இருக்கலாம்’னு எழுதிட்டு, கீழே ‘கண்டிப்பா இருக்கு’ன்னு நீயே எழுதினா, அது கேட்கத்தான் செய்யும்” என்றார். அன்றைக்கு எனக்கு அது முழுசாகப் பிடிபடவில்லை.

பொய் எச்சரிக்கையே வராது என்று நான் சொல்லவில்லை. ஓடும்போது பிழை பிடிக்கிற சானிடைசர் என்ற கருவியைப் போட்டு பில்ட் செய்தால் அதுவே உள்ளே நல் சோதனைகளைச் சொருகுகிறது, அதைப் பார்த்து மற்ற எச்சரிக்கைகள் குழம்புவது உண்டு. ஒரு மேக்ரோவுக்குள்ளோ இன்லைன் ஃபங்ஷனுக்குள்ளோ இருக்கும் தேவையில்லாத நல் சோதனையும் இதே வேலையைச் செய்யும். ஆனால் எங்கள் 41இல் இப்படி வந்தது ஒன்றே ஒன்றுதான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எச்சரிக்கையை அணைத்துவிடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. மொத்த புராஜெக்ட்டுக்கும் ஒரு ஃபிளாக் போட்டு அணைப்பதை நான் ஏற்கவே மாட்டேன், காரணம் எளிது: அதே பெயரில்தான் பஃபர் நிரம்பி வழிகிற எச்சரிக்கையும் வருகிறது. நல் சத்தத்தை நிறுத்தப் போய், 16 பைட் பஃபரில் 20 பைட் எழுதுகிற பிழையையும் சேர்த்துப் பார்க்காமல் விட்டுவிடுவீர்கள். பிராக்மா என்ற கம்பைலர் கட்டளையை நிரலுக்குள் போட்டு ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் அணைப்பது வேறு. முன்னால் புஷ், பின்னால் பாப், நடுவில் அந்த ஒரு எச்சரிக்கையை மட்டும் விலக்கு. பொய் எச்சரிக்கை என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் அது நியாயம், பக்கத்தில் ஏன் பொய் என்று இரண்டு வரி எழுதியிருந்தால்.

அடுத்தது, ‘சி லைப்ரரியே பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிடுவது. லினக்ஸில் பழகியவர்களுக்கு இது பழக்கமான நினைப்பு. லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியில் நல்லை ‘%எஸ்’ வழியாக அச்சிட்டால் அடைப்புக்குறிக்குள் நல் என்று எழுதும், கிராஷ் ஆகாது. மசல் என்ற இன்னொரு சி லைப்ரரியும் அப்படித்தான். லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் அச்சிடும் பிரிண்ட்கே அதற்கும் ஒரு படி மேலே போய், நல் இல்லாமல் ஆனால் முதல் பக்கத்துக்குள் இருக்கிற அசட்டு முகவரி வந்தால் ஈஃபால்ட் என்று எழுதி வைக்கும். ஆனால் சி தரநிலை இதில் எதையும் வாக்குறுதி தரவில்லை. ‘%எஸ்’ஸுக்கு ஒரு எழுத்து அணியின் முதல் எழுத்தைக் காட்டும் பாயிண்டர் வர வேண்டும், வராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வரையறையே இல்லை. பழைய சோலாரிஸ் இயங்குதளத்தில் இதே வரி நேரே கிராஷ் ஆகும்.

சோலாரிஸில் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். லினக்ஸுக்குள்ளேயே ஒரு பள்ளம் இருக்கிறது. ‘%எஸ்’, அதற்குப் பின் ஒரு புதுவரிக் குறி, வேறு ஒன்றும் இல்லை என்று ஒரு பிரிண்ட்எஃப் எழுதினால், ஜிசிசி அதை, ஸ்ட்ரிங்கை அப்படியே ஒரு வரியாக அச்சிடும் புட்ஸ் ஃபங்ஷனாக மாற்றிவிடும், அதுதான் வேகம். பிரிண்ட்எஃப் நல்லைப் பொறுத்துக்கொள்ளும், புட்ஸ் பொறுக்காது, நேரே நீளத்தை எண்ணப் போய் விழும். அதாவது புதுவரிக் குறிக்கு முன்னால் ஒரு முற்றுப்புள்ளி இருந்தால் நிரல் பிழைக்கிறது, அந்தப் புள்ளியை யாராவது அழகுக்காக எடுத்துவிட்டால் செத்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. ‘%.4எஸ்’ என்று நீளத்தைக் குறுக்கி எழுதினால் ஜிலிப்சி அந்த ஆறு எழுத்துக் குறிப்பையும் போடாது, வெறும் காலியாக விட்டுவிடும், ஏனென்றால் அது முழுசாக அடங்காது. இப்படிப்பட்ட தற்செயல்களை நம்பி ஒரு பெட்டியை ஐந்து வருடம் பம்ப் அறையில் விட்டுவைக்க எனக்கு மனம் வராது.

கார்டெக்ஸ்-எம் பக்கம் கதையே வேறு, அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். லினக்ஸில் நல்லைத் தொட்டால் குறைந்தது விழுந்தாவது தொலையும், தப்பு எங்கே என்று, விழுந்த கணத்தின் நினைவகப் பதிவான கோர் டம்ப் சொல்லும். மைக்ரோகண்ட்ரோலரில் பூஜ்யம் என்ற முகவரி பெரும்பாலும் செல்லுபடியாகும் முகவரி. எஸ்டிஎம்32 சிப்பில் ஃபிளாஷ் மெமரியின் தொடக்கம்தான் சாதாரணமாக பூஜ்யத்திலும் தெரியும். அங்கே முதல் நான்கு பைட், ஸ்டாக் எங்கே ஆரம்பிக்கிறது என்ற எண். எங்கள் ஒரு போர்டில் அந்த எண் பதினாறடிமானத்தில் 2000 5000. லிட்டில் எண்டியன், அதாவது கடைசி பைட் முதலில் வரும் முறை, ஆகையால் மெமரியில் அது 00, 50, 00, 20 என்று கிடக்கும். முதல் பைட்டே பூஜ்யம், சி மொழியில் ஸ்ட்ரிங் முடிந்தது என்பதற்கு அதுதான் குறி. அதனால் நல்லை ஸ்ட்ரிங் என்று நினைத்துப் படித்தால் என்ன கிடைக்கும்? ஒரு பிழையும் இல்லாத, பார்க்க ஒழுங்கான, காலி ஸ்ட்ரிங்! இன்னொரு போர்டில் அதே எண் 2000 4780. அங்கே படித்தால் முதலில் ஒரு குப்பை பைட், அப்புறம் ஆங்கில எழுத்து ‘ஜி’, அதற்கப்புறம் பூஜ்யம். ஒரே ஃபர்ம்வேர், ஒரே பிழை, ஒரு போர்டில் ஒன்றுமே தெரியவில்லை, இன்னொன்றில் லாக்கில் எங்கிருந்தோ ஒரு ‘ஜி’ முளைக்கிறது. சிறிய அளவுக்காகச் செதுக்கிய சி லைப்ரரிகளில் நல் சோதனையே எடுக்கப்பட்டிருக்கலாம், ஆகவே அங்கேயும் யாரும் நம்மைத் தாங்கிப் பிடிக்க மாட்டார்கள். ஆகவே ‘லைப்ரரி பார்த்துக்கொள்ளும்’ என்ற வழி எனக்குப் பட்டியலிலேயே இல்லை.

மூன்றாவது வழிதான் எல்லோரும் உண்மையில் செய்வது: அச்சிடும் இடத்தில் ஒரு மாற்றுச் சொல். பாயிண்டர் இருந்தால் அது, இல்லாவிட்டால் வேறு ஒரு ஸ்ட்ரிங். குனு சி நீட்டிப்பில் ‘?:’ என்று நடுவில் எதுவும் இல்லாமல் எழுதலாம், கை சும்மா இருந்தால் அரை நாளில் 41 இடத்திலும் போட்டு முடித்துவிடலாம். நான் அதைத்தான் செய்தேன். நான் போட்ட மாற்றுச் சொல் காலி ஸ்ட்ரிங். அசிங்கமாக எதுவும் திரையில் தெரியாது, கம்பைலரும் அமைதி.

மூன்று வாரம் கழித்து அலுவலக மேசையில் மூன்று பெட்டிகளை வைத்து ஒரு வார ஓட்டச் சோதனை நடந்தது. இரண்டு பெட்டிகளின் தகவல் வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது. முதலில் வைஃபை மேல் சந்தேகப்பட்டோம், ரௌட்டரை மாற்றினோம், ஆன்டெனாவைத் தள்ளி வைத்தோம், மின்சாரத்தை அளந்தோம். இரண்டு நாள் போனது. கடைசியில், பெட்டிகள் தகவலை அனுப்பும் எம்கியூடிடி முறையின் நடு சர்வரான புரோக்கரின் லாக்கை வரி வரியாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது: ஒரு பெட்டி இணைந்ததும் இன்னொன்று துண்டிக்கப்படுகிறது, அது மறுபடி இணைந்ததும் முதலாவது துண்டிக்கப்படுகிறது. இரண்டின் பெயரும் ஒன்று. எம்கியூடிடி விதிப்படி ஒரே பெயரில் இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆளைப் புரோக்கர் வெளியே அனுப்ப வேண்டும், புரோக்கர் தன் கடமையைத்தான் செய்திருக்கிறது. எங்கள் பெட்டியின் பெயர் ‘பம்ப்-’ என்ற முன்னொட்டும் வரிசை எண்ணும் சேர்ந்தது. அந்த இரண்டு பெட்டிகளிலும் ஈஈபிராம் என்ற நிரந்தர நினைவகத்தில் வரிசை எண்ணை எழுத மறந்திருந்தார்கள், படிக்கிற ஃபங்ஷன் ஒழுங்காக நல் திருப்பியது, நான் போட்ட காலி ஸ்ட்ரிங் அதை அழகாக மூடி மறைத்தது. இரண்டும் வெறும் ‘பம்ப்-’ ஆகிவிட்டன.

இது நிஜமான பம்ப் அறையில் நடந்திருந்தால்? தண்ணீர் நின்றுபோன எச்சரிக்கை எந்தக் கட்டடத்திலிருந்து வந்தது என்றே தெரிந்திருக்காது. அந்த எண்ணம் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. கம்பைலர் மூன்று வாரம் முன்னாலேயே, எந்த வரியில் என்பது உட்படச் சொல்லியிருந்தது.

ஆகவே மாற்றுச் சொல் என்ற வழியை நான் இரண்டாகப் பிரிக்கிறேன். அந்த ஸ்ட்ரிங்கை மனிதன் படிக்கப் போகிறானா, இயந்திரம் படிக்கப் போகிறதா? லாக் வரி, திரைச் செய்தி, டீபக் வெளியீடு இதெல்லாம் மனிதனுக்கு. அங்கே மாற்றுச் சொல் மிக நல்ல வழி, அதுவும் கண்ணில் படுகிற சொல்லாக இருக்க வேண்டும். கோப்புப் பெயர், டாபிக், சாவி, கட்டளை இதெல்லாம் இயந்திரத்துக்கு. அங்கே எந்த மாற்றுச் சொல்லும் கூடாது, காலி ஸ்ட்ரிங் அறவே கூடாது. ஒரு ஃபோல்டரின் பாதைக்கு நடுவில் பெயர் காலியானால் அது அதற்கு மேல் உள்ள ஃபோல்டரையே காட்டும், அந்த இடத்தில் பழைய கோப்புகளை அழிக்கிற நிரல் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உண்மையில் ஜிலிப்சி போடுகிற அந்த அடைப்புக்குறி நல்கூட இதைவிட மேல். அதுவும் இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயரைத்தான் தந்திருக்கும், ஆனால் புரோக்கர் லாக்கில் ‘பம்ப்-(நல்)’ என்று பார்த்திருந்தால் இரண்டு நாள் ரௌட்டரோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டோம்.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் மூல நிரலைப் பார்த்தபோது இதை அவர்கள் எவ்வளவு தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரே வேலைக்கு அங்கே மூன்று சின்ன ஃபங்ஷன்கள்: நல் வந்தால் ‘பொருந்தாது’ என்ற பொருளில் என்/ஏ தருவது ஒன்று, அடைப்புக்குறி நல் தருவது ஒன்று, காலி ஸ்ட்ரிங் தருவது ஒன்று. எழுதுகிறவர் எதைக் கூப்பிடுவது என்று யோசித்தே ஆக வேண்டும், படிக்கிறவருக்கும் பெயரிலேயே காரணம் தெரிந்துவிடும். நாங்களும் அதே மாதிரி ஒன்று செய்தோம், ஆனால் ஒன்றே ஒன்று, பெயரிலேயே ‘லாக்’ என்று இருக்கும். அதை லாக் வரிக்கு வெளியே பார்த்தால் ரிவ்யூவில் யாரும் விடமாட்டார்கள். வெறும் ‘?:’ போடுவதை அதற்கப்புறம் நிறுத்திவிட்டோம்.

நான்காவது, வாசலிலேயே சோதித்துத் திருப்பி அனுப்புவது. வெளியிலிருந்து ஒரு ஸ்ட்ரிங் நம் நிரலுக்குள் நுழைகிற இடங்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை: சூழல் மாறிகளைத் தரும் கெட்என்வ், கான்ஃபிக் கோப்பு, ஈஈபிராம், வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ, நினைவகம் கேட்டு வாங்கும் ஸ்ட்ரிங் நகல்கள். அங்கே நல் வந்தால் பிழையைத் திருப்பு, அல்லது தொடங்காதே. உள்ளே வந்த பிறகு யாரும் மறுபடி சோதிக்கத் தேவையில்லை. எங்கள் பெட்டி இப்போது வரிசை எண் இல்லாவிட்டால் இணையவே இணையாது, சிவப்பு விளக்கை மட்டும் மின்னும். மாட்டப் போகிறவர் அங்கேயே பார்த்துவிடுவார். இதில் கவனிக்க வேண்டியது, சோதனை என்ற பெயரில் லாக் மட்டும் எழுதிவிட்டுக் கீழே இறங்கிப் போவது, அதாவது நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த ரிட்டர்ன் இல்லாத இஃப். எங்கள் 41இல் மூன்று அப்படிப்பட்ட அப்பட்டமான பிழைகள். நினைவகத்தைத் தானே ஒதுக்கி எழுதும் ஏஎஸ்பிரிண்ட்எஃப் பற்றியும் ஒரு வார்த்தை: அது தோற்றால் பாயிண்டரில் என்ன இருக்கும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை, நல் என்றுகூட நம்பக் கூடாது. அது திருப்பித் தரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, ஒப்பந்தமாக எழுதுவது. ஃபங்ஷனுக்கு நான்நல் என்ற அட்ரிபியூட் போட்டால் ‘இந்த ஆர்க்யூமெண்ட் நல் வராது’ என்று கம்பைலருக்கு வாக்குக் கொடுக்கிறீர்கள். கூப்பிடுகிற இடத்தில் நல் வந்தால் கம்பைலர் அங்கேயே சொல்லும், அச்சிடும் இடத்தைக் குறை சொல்லாது, ஆகவே தப்பு செய்தவரின் வாசலில் எச்சரிக்கை போய் நிற்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த குணம். ஆனால் ஜிசிசியில் இந்த வாக்கு இருபுறமும் கூரான கத்தி. நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டதால், ஃபங்ஷனுக்கு உள்ளே பாதுகாப்புக்காக எழுதியிருக்கும் நல் சோதனையை ‘இது எப்படியும் நடக்காது’ என்று கம்பைலர் தூக்கி எறிந்துவிடலாம். கம்பைலர் கண்டுபிடிக்க முடியாத வழியில், உதாரணமாக வேறொரு கோப்பில் ஃபங்ஷன் பாயிண்டர் வழியாக, நல் வந்துசேர்ந்தால் அங்கே காவலே இல்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2009இல் லினக்ஸ் கெர்னலில் டன் என்ற மெய்நிகர் நெட்வொர்க் டிரைவரில் நடந்ததும் இதே குடும்பத்துப் பிழைதான். பாயிண்டரை முதலில் தொட்டுவிட்டு அடுத்த வரியில் நல்லா என்று சோதித்தார்கள். தொட்டாகிவிட்டது, ஆகவே அது நல் இல்லை என்று முடிவு கட்டி கம்பைலர் அந்தச் சோதனையை நீக்கியது. பூஜ்ய முகவரியில் தன் பக்கத்தை மேப் செய்யக்கூடிய தாக்குபவருக்கு அது கெர்னலுக்குள் கதவாகிவிட்டது. அதற்கப்புறம்தான் நல் சோதனைகளை நீக்காதே என்று சொல்லும் ஃபிளாகைப் போட்டு கெர்னலை பில்ட் செய்ய ஆரம்பித்தார்கள். கார்டெக்ஸ்-எம் ஃபர்ம்வேரில் பூஜ்யம் நிஜ முகவரி என்பதால் நாங்களும் அதே ஃபிளாகைப் போட்டுவிட்டோம், அளவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கிளாங் என்ற இன்னொரு கம்பைலரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அதன் நான்நல், நல்லபிள் குறிகள் எச்சரிக்கைக்கு மட்டும்தான், உண்டாகும் நிரலை மாற்றாது. ஆகவே இரண்டு கம்பைலரிலும் பில்ட் செய்கிற வசதி இருந்தால் கிளாங் குறிகளை எல்லா ஹெடரிலும் போடலாம், ஜிசிசி அட்ரிபியூட்டை உள்ளே நல் சோதனை இல்லாத சின்ன ஃபங்ஷன்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஆறாவது வழி, நல் வரவே முடியாதபடி தரவை மாற்றி அமைப்பது. ஸ்ட்ரக்டுக்குள் பாயிண்டருக்குப் பதிலாக 24 பைட் எழுத்து அணியை அப்படியே வைத்துவிட்டால் அது நல் ஆகவே ஆகாது, எச்சரிக்கையும் ஓய்ந்துவிடும். ஃபர்ம்வேரில் ஹீப், அதாவது ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம், இல்லாமல் எழுதுகிறவர்களுக்கு இது இயல்பாகவே வரும். ஆனால் ‘இல்லை’ என்ற நிலை போகவில்லை, அது ‘காலி’ என்று வேஷம் மாற்றிக்கொண்டுவிட்டது, ஆகவே பெயர் வந்ததா என்று சொல்ல ஒரு தனி பிட் தேவை. அந்த பிட்டை வைக்காமல் செய்தால் என் காலி ஸ்ட்ரிங் கதையே மறுபடி நடக்கும். ரஸ்ட் மொழியில் ஆப்ஷன் என்ற வகை இதை மொழியிலேயே செய்துகொடுக்கிறது, ‘இல்லை’ என்பதைக் கையாளாமல் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் யோசிக்கலாம், எங்களுக்கு இருக்கிற சி நிரலைத் தூக்கிப் போட வழியில்லை.

கடைசியாகக் கருவிகள், இவை தனி வழி இல்லை, மேலே உள்ளதற்குத் துணை. ஜிசிசி 10இல், 2020இல் வந்த அனலைசர் ஃபிளாக் நல் எந்த வழியாக வந்தது என்று படிப்படியாகக் காட்டும். மெதுவானது, ஆகவே இரவில் மட்டும் ஓட்டுகிறோம். எச்சரிக்கையைப் பிழையாக்கும் ஃபிளாகை எல்லாவற்றுக்கும் போடாமல், இந்த ஒரு எச்சரிக்கைக்கு மட்டும், ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகவே பில்ட் செய்து பார்க்கும் எங்கள் சிஐ சர்வரில் மட்டும், கம்பைலரை ஒரே பதிப்பில் நிலையாக வைத்துப் போட்டிருக்கிறோம். மொத்தமாகப் போட்டால் அடுத்த கம்பைலர் வந்த நாளில் வேலை நின்றுவிடும், 2021இல் லினக்ஸ் கெர்னலின் 5.15 பதிப்பில் அதைச் சேர்த்தபோதே இந்த வாக்குவாதம் பெரிதாக நடந்தது. ஒன்று மறக்கக் கூடாது: ஆப்டிமைசேஷன் இல்லாத டீபக் பில்டில் இந்தப் பாதை எச்சரிக்கைகள் பெரும்பாலும் வராது, ஆகவே சிஐயில் ரிலீஸ் பில்டைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டு நாளுக்கப்புறம் என் அரை நாள் வேலையை முழுக்க எடுத்துவிட்டு, 41ஐயும் அண்ணனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நான்கு நாள் ஆனது. 22 வெறும் லாக் வரிகள், அவை எங்கள் லாக் ஃபங்ஷனுக்குப் போயின. 9 இடத்தில் ஸ்ட்ரிங் ஒரு அடையாளம், அதில் வாசல் சோதனையும், உள்ளே ஒப்பந்தமும். 6 இடத்தில் ஸ்ட்ரக்டை மாற்றி அணியும் தனி பிட்டும் வைத்தோம். அந்த மூன்று அப்பட்டமான பிழைகளில் விட்டுப்போன ரிட்டர்னைப் போட்டோம், அவற்றில் ஒன்று 2019இலிருந்தே அங்கே இருந்தது, நான் சேர்வதற்கு முன்னால் எழுதியது.

மீதி ஒன்று சானிடைசர் பில்டில் மட்டும் வருவது, அதற்குத்தான் பிராக்மா. ஏன் பொய் என்று மேலே மூன்று வரி எழுதியிருக்கிறோம், கம்பைலரை அடுத்து மாற்றும்போது அதை எடுத்துவிட்டு மறுபடி பில்ட் செய்து பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம்.